நாலரை வயதாகிறது, இன்னும் பெயரை முழுதாக எழுதவில்லை. எந்த வயதில் எழுத வரும்?

மழைத்துளி:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு நாலரை வயது ஆகப்போகிறது. அவள் போகும் மழலையர் வகுப்பில் போன வாரம் கூப்பிட்டு, மற்ற பிள்ளைகள் பெயரைத் தாங்களே எழுதுகிறார்கள், உங்கள் பெண் முதல் எழுத்தைத் தாண்டவில்லை, வீட்டில் உட்கார வைத்து எழுத வையுங்கள் என்று சொல்லி, புள்ளி வைத்த பயிற்சித்தாள் ஒரு கட்டையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனாலே வீட்டில் அழுகைதான். இரண்டு வரி புள்ளியைச் சேர்ப்பாள், அப்புறம் பென்சிலைப் போட்டுவிட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஆனால் அவளுக்கு எழுதப் பிடிக்காது என்றும் சொல்ல முடியவில்லை. தானாக இருக்கும்போது பக்கம் பக்கமாக அலை அலையாகக் கோடு போட்டு 'பாட்டிக்கு லெட்டர்' என்கிறாள். படம் வரைந்தால் மூலையில் ஏதோ ஒரு உருவம் போட்டு, அதுதான் தன் பெயர் என்கிறாள். பெயர் 'தே'யில் தொடங்கும், நான்கெழுத்து, நடுவில் ஒரு 'மொ'வும் இருக்கிறது. 'த' நன்றாக வருகிறது, கொம்பை மட்டும் எழுத்துக்குப் பின்னால் போடுகிறாள், சில நாள் 'த'வே கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி நிற்கிறது.

என் கேள்விகள்: பெயர் எழுத எது சரியான வயது? இப்படித் திருப்பி எழுதுவது ஏதாவது குறைபாட்டின் அறிகுறியா? பயிற்சித்தாளைத் தொடரலாமா, விட்டுவிடலாமா? வகுப்பில் ஆங்கிலத்திலும் பெயர் எழுதச் சொல்கிறார்கள், இரண்டும் ஒரே நேரத்தில் குழப்பாதா?

கரும்பலகை:

மழைத்துளி, பல வருஷமாக மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளோடுதான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வயது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தி வெளியிட்டது. நூற்றுக்கு 75 பிள்ளைகளாவது அந்த வயதில் செய்துவிடக்கூடியதை மட்டுமே அதில் சேர்த்தார்கள். அதில் ஐந்து வயதுக்கு என்ன போட்டிருக்கிறது தெரியுமா? 'தன் பெயரில் உள்ள சில எழுத்துகளை எழுதுவது.' சில எழுத்துகள்தான், முழுப் பெயர் இல்லை, அதுவும் ஐந்து வயதில். நாலரையில் முதல் எழுத்தை எழுதும் பிள்ளை பின்தங்கியிருக்கிறாள் என்று யாராவது சொன்னால் அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மூன்றரையில் முழுப் பெயரையும் எழுதும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன், ஐந்தே முக்கால் வரை ஒரு எழுத்தோடு நின்று, பிறகு ஒரே மாதத்தில் பெயர், தம்பி பெயர், நாய்க்குட்டி பெயர் எல்லாம் எழுதிய பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். இருவரும் நன்றாகத்தான் படிக்கிறார்கள்.

இரண்டாவது, நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன அந்த அலைக்கோட்டு லெட்டர். உங்கள் பதிவில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். படம் வரையும்போது கை ஒருவிதமாகப் போகிறது, 'எழுதும்போது' வேறு விதமாக வரிசையாகப் போகிறது என்றால், படம் வேறு எழுத்து வேறு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். எழுத்து ஒன்றுகூடத் தெரியாத பருவத்திலேயே பிள்ளைகள் இதைப் பிடித்துவிடுகிறார்கள். முதலில் வெறும் கிறுக்கல், அப்புறம் வரிசையான அலைக்கோடு, அப்புறம் எழுத்துபோலத் தெரியும் ஆனால் எந்த எழுத்தும் இல்லாத உருவங்கள், அதற்குள் எங்கோ பெயரின் முதல் எழுத்து நிஜ எழுத்தாகவே வந்து நிற்கும், மற்றவை முன்னும் பின்னுமாக வந்து சேரும். எல்லாப் பிள்ளையும் இதே வரிசையில் வருவதில்லை, ஒரே நாளில் மூன்று விதமாகவும் எழுதுவார்கள். இஸ்ரேலிலும் நெதர்லாந்திலும் உள்ள சிறு பிள்ளைகள் எழுதியதை ஒப்பிட்டு 2005இல் ஓர் ஆய்வு வந்தது. ஹீப்ரு, டச்சு என்று எழுத்துமுறையே வேறாக இருந்தும், இரண்டு இடத்திலும் பிள்ளைகள் மற்ற சொற்களைவிடத் தங்கள் பெயரைத்தான் முந்திச் சரியாக எழுதினார்கள். 'எனக்குரியது' என்ற பிடிப்புதான் அங்கே முதலில் வேலை செய்கிறது என்பது என் அனுபவமும்.

இதில் பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பெயரை எழுதும் பிள்ளை அதை எழுத்தெழுத்தாக வாசிக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அர்ஜென்டினாவைச் சேர்ந்த எமிலியா ஃபெரேரோவும் அனா டெபரோஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளை எழுதிய பெயரில் ஒரு பகுதியை மறைத்துவிட்டு, இப்போது இது என்ன என்று கேட்டுப் பார்த்தார்கள். பாதி மறைந்தாலும் அதுவும் தன் முழுப் பெயர்தான் என்று சொல்லும் கட்டம் பிள்ளைகளுக்கு உண்டு. மொத்தப் பெயரும் அவர்களுக்கு ஒரே உருவம். ஒரே ஓர் எழுத்து மட்டும் இருந்தால் அதை வாசிக்க முடியாது, குறைந்தது மூன்று எழுத்தாவது வேண்டும் என்று நினைப்பார்கள், பெரிய ஆளுக்குப் பெரிய பெயர்தானே இருக்கும் என்றும் நினைப்பார்கள். உங்கள் மகள் மூலையில் போடும் உருவத்தை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, 'இதில் எது என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லும் பதிலில் அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிடும்.

வகுப்புகள் ஏன் இப்படி அவசரப்படுத்துகின்றன என்றால், அதற்கும் காரணம் இருக்கிறது. 2008இல் அமெரிக்காவில் ஆரம்ப எழுத்தறிவு பற்றிய தேசியக் குழு ஒன்று பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, பின்னாளில் நன்றாக வாசிப்பதை முன்கூட்டியே காட்டும் சில திறன்களைச் சொன்னது. எழுத்துகளின் பெயரும் ஒலியும் தெரிவது, சொல்லுக்குள் ஒலியைப் பிரித்துக் கேட்பது, இவற்றோடு பெயர் எழுதுவதும் அதில் உண்டு. அதைத்தான் பலரும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் கதை கேட்டு, எழுத்தைப் பார்த்து, கேள்வி கேட்டு வளர்ந்த பிள்ளை பெயரையும் எழுதிவிடுகிறது. பெயரை மட்டும் மனப்பாடமாக எழுத வைத்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடாது. நான்கு கோட்டு நோட்டில் பெயரை அழகாக எழுதிவிட்டு அதில் ஓர் எழுத்தைத் தனியாகக் காட்டினால் விழிக்கும் பிள்ளைகள் வருஷா வருஷம் என் வகுப்புக்கு வருகிறார்கள், பார்க்கவே எனக்கு வருத்தமாக இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது: அவள் வரைந்த படத்தில் அவள் பெயரை அவள் கண்ணெதிரே, மெதுவாக, வாயால் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். அவள் பை, தண்ணீர் பாட்டில், அலமாரித் தட்டு என்று பெயருக்கு நிஜமாகவே வேலை இருக்கும் இடங்களில் எழுதுங்கள். என் வகுப்பில் காலையில் உள்ளே வரும்போது ஒரு தாளில் ஒவ்வொருவரும் தன் பெயரைப் போட வேண்டும், கோடு போட்டாலும் சரி, ஓர் எழுத்து போட்டாலும் சரி, திருத்த மாட்டேன். அந்தத் தாள்களைத் தேதியோடு எடுத்து வைத்தால் சில மாதத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வீட்டில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி நீங்களும் இதைச் செய்யலாம். உங்கள் பெயரையும் அதில் எழுதுங்கள், பெரியவர்கள் எழுதுவதைப் பார்த்துத்தான் அவர்களுக்கு ஆசையே வரும்.

பழைய மாணவன்:

டீச்சர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு பக்கமாகப் போகிறதோ என்று தோன்றுகிறது. எழுத்து தானாக மலராது, யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால்தான் வரும். எங்கிருந்து தொடங்கி எந்தப் பக்கம் சுழிக்க வேண்டும் என்பதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க முடியாது. தவறான பக்கத்திலிருந்து எழுதிப் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம், என் பேரன்கள் இரண்டு பேரிடமும் பார்த்துவிட்டேன். தினமும் கொஞ்ச நேரம் பயிற்சி என்பதை ஏதோ கொடுமைபோல இப்போது பேசுகிறார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை.

விரல்நுனி:

ஐயா சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம், எந்த இடத்தில் தொடங்குவது என்பதைக் காட்டித்தான் கொடுக்க வேண்டும். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பிள்ளைகளின் கை வேலைதான் என் வேலை. ஆனால் காட்டிக் கொடுப்பதும் புள்ளி சேர்க்க வைப்பதும் ஒன்றல்ல.

கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் 2012இல் செய்த ஆய்வு ஒன்று இந்த விவாதத்துக்கு நேராகப் பொருந்தும். இன்னும் வாசிக்கத் தெரியாத, ஐந்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு எழுத்துகளைக் கொடுத்து, சிலவற்றைப் பார்த்துத் தானாக எழுத, சிலவற்றைப் புள்ளிமேல் எழுத, சிலவற்றைக் கீபோர்டில் தட்ட வைத்தார்கள். பிறகு ஸ்கேனில் பார்த்தபோது, தானாக எழுதிய எழுத்தைப் பார்க்கையில்தான் வாசிப்புக்குரிய மூளைப்பகுதிகள் தெளிவாக வேலை செய்தன. கோணல் மாணலாக ஒரு 'த' போடும்போது, கோடு எங்கே வளைகிறது, எங்கே முடிகிறது என்று பிள்ளையே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, புள்ளிமேல் போகும்போது அந்த முடிவை வேறு யாரோ முன்பே எடுத்துவிட்டார்கள். அதனால் என் ஆலோசனை, பயிற்சித்தாள் கட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். நீங்கள் ஒருமுறை பெரிதாக எழுதிக் காட்டுங்கள், அவள் பக்கத்திலேயே வெறும் தாளில் எழுதட்டும், ஒரு நாளைக்கு ஒருமுறை எழுதினாலே போதும்.

அப்புறம் கை. வட்டத்தைப் பார்த்து வரைவது ஏறக்குறைய மூன்று வயதில் வரும், கூட்டல் குறி நாலு வயது வாக்கில், சதுரம் நாலரை ஐந்தில், முக்கோணம் ஐந்தில். சாய்ந்த கோடுதான் கடைசியில் வரும், டைமண்ட் வடிவம் ஆறு வயதைத் தாண்டியும் பலருக்குத் தகராறு பண்ணும். இதைத் தெரிந்துகொண்டு பெயரைப் பாருங்கள். ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகள் சீக்கிரம் வரும், ழ, ண, ஞ, இ எல்லாம் சுழியும் திருப்பமுமாக இருப்பதால் நாளாகும். அதனால் 'பாபு' என்ற பெயருள்ள பிள்ளையையும் 'தேன்மொழி' என்ற பெயருள்ள பிள்ளையையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமே இல்லை, ஆனால் வகுப்புகளில் தினமும் இதுதான் நடக்கிறது.

பென்சில் பிடியையும் கவனியுங்கள். நாலு வயதில் கைமுஷ்டியால் பிடிக்காமல் விரல்களாலும் கட்டைவிரலாலும் பிடித்தால் போதும், மூன்று விரல் நுனியில் பிடித்து விரல்களை மட்டும் அசைத்து எழுதுவது ஐந்து ஆறு வயது வரைகூட ஆகும். நீளமான பென்சிலைவிட உடைந்த குட்டி கிரேயான் துண்டு நல்லது, முஷ்டியால் பிடிக்க அதில் இடமே இருக்காது. சுவரில் தாள் ஒட்டி, நின்றுகொண்டு வரைய விடுங்கள், மணிக்கட்டு பின்பக்கம் மடிந்து சரியான நிலைக்குத் தானாக வரும். களிமண் பிசைவது, துணிக் கிளிப் மாட்டுவது, கத்தரிக்கோலால் வெட்டுவது எல்லாம் எழுத்து வேலைதான். இடது கைப் பழக்கம் இருந்தால் தாளின் மேல் முனையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வையுங்கள், பென்சிலைச் சற்று மேலே தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எழுதியதை அவள் கையே மறைக்கும். கை மாற்றச் சொல்லாதீர்கள்.

திருப்பி எழுதுவது: இந்த வயதில் மிக மிகச் சாதாரணம். ஒரு கோப்பையின் பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது அதே கோப்பைதான் என்றுதான் நம் கண்ணும் மூளையும் பிறந்ததிலிருந்து பழகியிருக்கின்றன. எழுத்துக்கு மட்டும் அந்த விதி செல்லாது என்பதைப் பிள்ளை புதிதாகக் கற்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஏழு வயதுக்குள் போய்விடும். அதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு என்று யாரும் முடிவு கட்டக் கூடாது, இந்தப் பயத்தோடு என்னிடம் வரும் அம்மாக்கள் எத்தனையோ பேர்.

இருமொழி அப்பா:

இரண்டு எழுத்து குழப்புமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். என் மகன் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதுகிறான், இப்போது ஆறு வயது. ஆரம்பத்தில் ஒரே பெயரில் பாதி தமிழ் பாதி ஆங்கிலமாக எழுதினான், கொஞ்ச நாளில் போய்விட்டது. சார்மியன் கென்னர் என்ற ஆய்வாளர் லண்டனில் ஆங்கிலத்தோடு சீனம், அரபு, ஸ்பானிஷ் எழுதக் கற்ற ஆறு வயதுப் பிள்ளைகளைக் கவனித்து 2004இல் ஒரு புத்தகம் எழுதினார். அரபு வலமிருந்து இடமாகப் போகும், சீனத்தில் கோட்டின் வரிசை முக்கியம், அப்படியிருந்தும் அந்தப் பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தார்கள், கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தார்கள். தமிழும் ஆங்கிலமும் ஒரே திசையில்தான் போகின்றன, கவலைப்பட ஒன்றுமில்லை.

நான் சொல்ல விரும்புவது வேறு. ஆங்கிலப் பெயர் வகுப்பில் எப்படியும் வந்துவிடும், சுற்றிலும் அந்த எழுத்துதான் இருக்கிறது. தமிழில் பெயர் எழுத வீட்டை விட்டால் வேறு இடம் இல்லாத பிள்ளைகள் நிறையப் பேர். அதனால் வீட்டில் தமிழிலேயே தொடங்குங்கள். தன் பெயரின் முதல் எழுத்தைப் பிள்ளைகள் மற்ற எழுத்துகளைவிட முந்தி அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று பல மொழிகளில் பார்த்திருக்கிறார்கள், என் பையன் விஷயத்தில் அது அப்படியே நடந்தது. எங்கே பெயர்ப்பலகை பார்த்தாலும், 'அப்பா, என் எழுத்து!' என்று கத்துவான். அவன் எழுதிய முதல் சொற்களிலும் பெயரில் இருந்த எழுத்துகளையே திரும்பத் திரும்ப அடுக்கினான்.

மழைத்துளி:

எல்லோருக்கும் நன்றி, மனதில் இருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது. டீச்சர் சொன்னபடி மூலையில் போடும் உருவத்தைப் பற்றிக் கேட்டேன். ஒரு சுழியைக் காட்டி 'இது நான்', பக்கத்தில் இருந்த இரண்டு கோட்டைக் காட்டி 'இது என் பெயரோட மிச்சம்' என்றாள்!

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வாயில் 'தே' என்று சொல்லும்போது முதலில் 'த'தானே கேட்கிறது, அதனால்தான் அதை முதலில் எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் போடுகிறாளோ? இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? 'மொ'வில் முன்னும் பின்னும் வருகிறதே, அதை நினைத்தாலே எனக்கே மலைப்பாக இருக்கிறது.

கரும்பலகை:

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். உங்கள் மகள் காதில் கேட்கும் வரிசையில் எழுதுகிறாள், அது நல்ல புத்தியின் அடையாளம். தமிழில் எ, ஏ, ஐ ஒலிகளுக்குரிய கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒ, ஓ என்றால் முன்னால் கொம்பும் பின்னால் காலுமாக எழுத்தை நடுவில் வைத்துக்கொள்ளும். காது சொல்வது ஒன்று, தாளில் நிற்பது ஒன்று. இந்த முரண் பெரிய பிள்ளைகளுக்கே நாளாகும்போது நாலரை வயதில் வராவிட்டால் என்ன?

இப்போதைக்கு அதை விதியாகச் சொல்ல வேண்டாம். 'தே'யை ஒரே உருவமாகக் காட்டுங்கள். அவள் பெயரை மொத்தமாக ஒரு உருவமாகத்தானே பார்க்கிறாள், அந்தப் பார்வையையே இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். எழுதிக் காட்டும்போது 'முதல்ல இரட்டைக் கொம்பு, அப்புறம் த' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள், சில நாளில் அவளும் சொல்ல ஆரம்பிப்பாள். கொம்பு, கால், சுழி, புள்ளி என்ற பெயர்களே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெயரைத் துண்டு அட்டைகளில் எழுதியும் விளையாடலாம், கொம்பு ஓர் அட்டை, 'த' ஓர் அட்டை, கால் ஓர் அட்டை. கையால் நகர்த்தி வைக்கும்போது எது எங்கே நிற்கிறது என்று பென்சில் இல்லாமலே படிந்துவிடும். வரிசை பிசகினால், 'என் அட்டை எப்படி இருக்கு, உன் அட்டை எப்படி இருக்கு, பார்க்கலாமா?' என்று பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், அடித்துத் திருத்தாதீர்கள். 'மொ' வரும் வரை, வீட்டில் அவளைக் கூப்பிடும் சின்னப் பெயரை எழுதட்டும், அதுவும் அவள் பெயர்தான்.

பழைய மாணவன் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. தொடங்கும் இடத்தையும் சுழிக்கும் திசையையும் காட்டித் தர வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடே இல்லை. பிள்ளை அழுதுகொண்டு செய்தால் அதைப் பயிற்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

பழைய மாணவன்:

அழ வைக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, டீச்சர். அட்டை யோசனை நன்றாக இருக்கிறது, கடைக்குட்டிப் பேத்திக்குச் செய்து பார்க்கிறேன்.

விரல்நுனி:

மழைத்துளி, எப்போது யாரையாவது பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும் தேவைப்படும். ஐந்து வயது தாண்டியும் பென்சில், கிரேயான் பக்கமே போகாமல் வரைவதையே தவிர்த்தால், வட்டம், கூட்டல் குறி பார்த்து வரைய வராவிட்டால், பட்டன் போடுவது, சாப்பிடுவது போன்ற மற்ற கை வேலைகளும் தடுமாறினால், முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனால், குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் எழுதியதில் இவற்றில் ஒன்றும் இல்லை.

வகுப்புக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிப்பீர்கள். பயிற்சித்தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். அதில் அவள் தன் இஷ்டத்துக்கு எழுதிய பெயரை, தேதி போட்டு, வாரம் ஒன்றாகக் கொடுத்தனுப்புங்கள். புள்ளி ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டால், தானாக எழுதிப் பழகுகிறாள், நீங்களும் திருத்தாமல் சேர்த்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து பார்ப்போம் என்று நேராகவே சொல்லுங்கள்.

மழைத்துளி:

அப்படியே செய்கிறேன் அக்கா. அட்டைகளை இன்று ராத்திரியே வெட்டி வைக்கிறேன்.